இருபத்தொரு நாள் ஊசி

நல்லம்பள்ளி,
12-6-2024

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் என் அக்கா செல்லிக்கு,

தங்கச்சி கோவிந்தம்மாள் எழுதுகிறேன். உன் மீன் கடையில் இந்தத் தாளில் வறுவல் மடித்து எவனிடமாவது நீட்டிவிடாதே. முதலில் படி. மடிப்பதெல்லாம் பிறகு.

நாம் பேசி நான்கு வருடம் ஆகிறது. "இனி உன்கூட ஒரு வார்த்தை பேசுனா எம் பொண்ணு நல்லா இருக்க மாட்டா" என்று காவியாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவள் நான்தான். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஐந்தாவது படித்ததற்கே இவ்வளவு சட்டம் பேசுகிறேன். பத்தாவது படித்திருந்தால் தர்மபுரி கோர்ட்டு தாங்கியிருக்காது.

சத்தியம் இல்லாவிட்டாலும் போனில் பேச வழியில்லை. காவியா அப்பா எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எங்கள் வீட்டுச் சங்கதி எதிர் வீட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். இது அவருக்குத் தெரியக்கூடாத சங்கதி.

உட்கார்ந்து படி. எனக்கு இடது மார்பில் கட்டி. பெரிய எலுமிச்சம்பழம் அளவு. தக்காளிக் கூடை இடித்துக் கன்றிப்போய்விட்டது என்று இரண்டு மாதம் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். சேலம் ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அழாதே. நீ அழுதால் மூக்கு மட்டும்தான் சிவக்கும், கண்ணில் ஒரு சொட்டு வராது. சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

முதலில் மருந்து, அப்புறம் அறுவை. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்களாம். முதல் நான்கு தடவை சிவப்பு மருந்து. ரோஸ்மில்க்கைவிடக் கொஞ்சம் அடர்த்தியான நிறம். கட்டியை அது நன்றாகக் கரைக்கும், ஆனால் சில பேருக்கு இதயத்தையும் கடித்துப் பார்த்துவிடுமாம். அதனால் ஏற்றுவதற்கு முன்னாலேயே நெஞ்சில் பசை தடவி டிவியில் இதயத்தைப் பார்த்தார்கள். எக்கோ என்று பெயர். பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்:

"பம்ப் பண்றது நல்லாத்தான் இருக்கு, அம்பத்தெட்டு பர்சென்ட். ஆனா ஒரு வால்வு கொஞ்சம் தடிச்ச மாதிரி தெரியுது. சின்ன வயசுல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா? மூணு வாரத்துக்கு ஒருக்கா ஊசி போட்டிருக்கீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அதை வெச்சுத்தான் மருந்து குடுக்கணும்."

காவியா அப்பா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் உலகத்தில் நான்கு பேர். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். மிச்சம் நீயும் நானும். நீ வாயைத் திறக்காதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் நோய்ச் செய்தி எப்படியும் உன் காதுக்கு வரும். நீ பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து பழைய மூட்டையை அவிழ்ப்பாய். காவியாவைப் பெண் பார்க்க வந்தபோது, "ரத்தத்துல வர்ற நோயா இருந்தாலும் இருக்கும், மாப்பிள்ளை வூட்ல சொல்லிப்போடு" என்று ஒற்றைக் காலில் நின்றவள்தானே நீ. அதில்தானே நம் பேச்சே நின்றது.

காவியா இப்போது நான்கு மாதம். நான்கு வருடம் காத்திருந்து தங்கியிருக்கிறது. தாய்க்காரிக்குச் சின்ன வயதிலேயே நெஞ்சுக் கோளாறு, மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று பாலக்கோட்டில் அவள் மாமியார் காதில் விழுந்தால் போதும், அந்த அம்மாளுக்கு ஆறு மாதத்துக்கு வேறு வேலை வேண்டாம். காவியா அப்பாவிடமோ இருபத்தேழு வருடத்துக்கு அப்புறம் எந்த வாயால் சொல்வேன்?

24-ஆம் தேதி முதல் மருந்து. நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத தங்கச்சி
கோவிந்து

*

ஒகேனக்கல்,
18-6-2024

கோவிந்துக்கு,

கடிதம் வந்தது. மீன் மடிக்கவில்லை. உன் மாமாவுக்கும் காட்டவில்லை.

நான் வரவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் நீ செய்தது தப்பு. புருசனிடம் மறைப்பது வேறு, டாக்டரிடம் மறைப்பது வேறு.

மருந்து ஏறினால் நாக்கு செத்துப்போகும், எதுவும் ருசிக்காது என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். அவள் அண்ணிக்கு இருந்ததாம். கெளுத்திக் கருவாடு பார்சல் போட்டிருக்கிறேன். நன்றாக உப்புப் பிடித்தது. சுட்டுத் தின்னு, வாய்க்குப் பிடிக்கும்.

சாப்பிடு. வேலை செய்யாதே.

செல்லி

*

நல்லம்பள்ளி,
5-7-2024

கருவாட்டுக்கடை மகாராணி அக்காவுக்கு,

பார்சல் வந்தது. தபால்காரர் நவநீதன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்கக்கா, பேங்க் நோட்டீசும் ஆதார் கார்டும் குடுத்துப் பழகுன கையில இதையும் சுமக்க வெச்சிட்டீங்களே" என்றார். ஒரு துண்டு சுட்டுக் கொடுத்தேன். இப்போது அவராகவே வந்து, "ஒகேனக்கல்ல இருந்து ஒண்ணும் வரலீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார்.

முதல் மருந்து ஏறிவிட்டது. நர்ஸ் வெண்மதி சின்னப் பெண், காவியா வயதுதான் இருக்கும். "கையை ஆட்டாதீங்கம்மா, இது வெளிய கசிஞ்சா தோலைப் புண்ணாக்கிரும்" என்றாள். தோலுக்கே ஆகாததை உள்ளே விடுகிறாயே கண்ணு என்று கேட்டேன். சிரித்துவிட்டு என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்த மேட்டிலேயே மூன்று கேரிபேக் நிறைய வாந்தி எடுத்தேன். கண்டக்டர் காவியா அப்பாவிடம், "மாசமா இருக்காங்களா?" என்று கேட்டார். நாற்பத்தேழு வயதுக்காரியைப் பார்த்து! அப்போது உன் மாப்பிள்ளை முகத்தில் ஒரு பெருமை வந்தது பார், படம் பிடித்து மாட்டியிருக்க வேண்டும்.

முடி கொத்துக் கொத்தாக வந்தது. நானே மழித்துக்கொண்டேன். மண்டை நல்ல உருண்டை அக்கா, இத்தனை வருடம் முடியைப் போட்டு மறைத்து வைத்திருந்தேன்.

டாக்டரம்மா படம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார். மூச்சு வாங்கினால், கால் வீங்கினால், மல்லாந்து படுக்க முடியாவிட்டால், நெஞ்சு படபடத்தால் உடனே போன் செய்ய வேண்டுமாம். அதைப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். காவியா அப்பா பார்த்தால் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, மணிக்கு ஒருதரம் மூச்சு வாங்குதா, மூச்சு வாங்குதா என்று என் உயிரை வாங்குவார்.

உன் கருவாடு இல்லாவிட்டால் சோறு இறங்காது. மூன்று வேளையும் அதுதான். வாயில் மற்ற எதை வைத்தாலும் பழைய இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் அனுப்பு.

அசதி மட்டும் அதிகம். வாசலில் இருந்து மாட்டுக்கொட்டகைக்குப் போவதற்குள் ஒருமுறை உட்கார்ந்து எழுகிறேன். மாடு என்னைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறது.

இப்படிக்கு,
மொட்டைக் கோவிந்து

*

ஒகேனக்கல்,
11-7-2024

கோவிந்துக்கு,

இரண்டாவது பார்சல் இதோடு வருகிறது.

நடுவில் உட்கார்ந்து எழுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அது அசதியா, மூச்சா? கேட்டதற்குப் பதில் எழுது, வேடிக்கை எழுதாதே.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. நீ நான்காவது படித்தபோது தொண்டைப் புண் வந்தது. அது ஆறிப் பத்து நாளில் முட்டியும் கணுக்காலும் வீங்கிக் காய்ச்சல் அடித்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று என் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாய். நீ முன்னால் சரியாமல் இருக்க நானும் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். நெஞ்சு கெட்டுவிட்டது, இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை ஊசி போடாவிட்டால் மறுபடி கெடும் என்று தர்மபுரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா கூலிக்குப் போய்விடுவாள். பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ஊசி போட்ட இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டுவாய், நொண்டிக்கொண்டே எதிரில் வருகிறவர்களைக் கேலி பேசுவாய். பத்து வருடம் அப்படிப் போனோம்.

உன் கல்யாணம் கூடியதும் ஊசி நின்றது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நிற்கும் என்று அம்மா சொன்னாள்.

டாக்டரம்மா கேட்டது இதைத்தான். மறுபடி போகும்போது சொல்லிவிடு. மாப்பிள்ளையை டீ வாங்க அனுப்பிவிட்டுச் சொல்.

செல்லி

*

நல்லம்பள்ளி,
25-7-2024

அக்காவுக்கு,

பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. கோபம் இல்லை. பேனா கனக்கிறது.

இரண்டாவது மருந்தும் ஏறியது. நீ சொன்னபடி அவரை டீ வாங்க அனுப்பினேன். அவர் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்திருந்தார். "டீ எதுக்கு? காப்பியே இருக்குது" என்று ஊற்றிக் கொடுத்துவிட்டு, அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுசனாக இருப்பதிலும் எவ்வளவு தொல்லை பார்.

உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். மூச்சுதான்.

மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறேன். ராணி மாதிரி. காவியா அப்பாவின் தலையணையும் என்னிடம்தான் இருக்கிறது, அவர் வேட்டியைச் சுருட்டி வைத்துப் படுக்கிறார். செருப்புக்குள் கால் நுழையவில்லை. அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன். மருந்தால் வருகிற வீக்கம்தான், எல்லாருக்கும் வரும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டார். நான் எது சொன்னாலும் நம்புவார் அக்கா, அதுதான் எனக்கு இப்போது பெரிய பாரமாக இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. திட்டாதே, முதலில் இதைக் கேள். கட்டி சுருங்கியிருக்கிறது. எலுமிச்சை இப்போது நெல்லிக்காய். நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் சிவப்பு மருந்தை நிறுத்திவிடுவார்கள். பாதியில் நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும். இன்னும் இரண்டே இரண்டுதான். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டால் அப்புறம் நெஞ்சைப் பார்த்துக்கொள்ளலாம். காவியாவுக்கும் அதற்குள் ஏழாவது மாதம் பிறந்துவிடும். மூன்றாவது ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை.

கருவாடு தீரப்போகிறது.

வேடிக்கையாக எழுத ஒன்றும் தோன்றவில்லை. மாடு நலம்.

கோவிந்து

*

ஒகேனக்கல்,
29-7-2024

கோவிந்துக்கு,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நவநீதன் இந்தத் தடவை மோந்து பார்க்காமல் சீக்கிரம் கொடுக்கட்டும்.

மூன்று தலையணை என்று படித்ததும் போட்ட வேலையைப் போட்டபடி விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அப்போது என் முதுகு, இப்போது மூன்று தலையணை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று சொல்கிறேன். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் ஊசிச் சீட்டைக் காணோம் என்று தேடினாயே, அம்மா எங்கோ போட்டுவிட்டாள் என்று நினைத்தாய். அம்மா இல்லை. நான்தான் கிழித்து அடுப்பில் போட்டேன். சீட்டு இருந்தால் நீ அந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாய், யாராவது பார்ப்பார்கள் என்று போட்டேன். இன்னும் பல வருடம் ஊசி போட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது எனக்குத் தெரியும். உன்னை வாழ வைப்பதாக நினைத்துச் செய்தேன். காவியாவுக்கு வரன் வந்தபோது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் நின்றது அதனால்தான். ஒருதரம் மறைத்ததே என்னைத் தின்றுகொண்டிருந்தது. நீ என்னைப் பொறாமைக்காரி என்றாய். பரவாயில்லை.

ஆற்றில் வெள்ளம். பரிசல் ஓடவில்லை, யாரையும் உள்ளே விடுவதில்லை, கடை மூடிக் கிடக்கிறது. திங்கட்கிழமை காலை நான் சேலத்துக்கு வருகிறேன். உன்னோடு பேச மாட்டேன், உன் சத்தியம் உன்னோடு இருக்கட்டும். உட்கார்ந்திருப்பேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். டாக்டரம்மாவோடு பேச மாட்டேன் என்று யார் தலையிலும் நான் கை வைக்கவில்லை.

செல்லி

*

நல்லம்பள்ளி,
10-8-2024

அக்காவுக்கு,

அன்றைக்கு எக்கோ அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது உன்னைக் காணோம். பஸ்ஸுக்குப் போய்விட்டதாக வெண்மதி சொன்னாள். அதனால் நீ பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். காவியா அப்பா உன்னைப் பார்த்ததும், "வாங்க, வாங்க" என்று எழுந்து ஸ்டூலைத் தள்ளிவிட்டார். நீ உட்காரவில்லை. டாக்டரம்மா, "எப்படிம்மா இருக்கீங்க? மூணாவது போட்றலாமா?" என்றார்.

"நல்லாருக்கேனுங்க" என்றேன். அப்போது நீ இருமினாய். ஒரே ஒரு இருமல். சந்தையில் என் கை முறுக்குக் கூடைக்குப் போகும்போது அம்மா இருமுவாளே, அதே இருமல்.

"நல்லா இல்லீங்க" என்று மாற்றிச் சொன்னேன். "முதல் நாள் நீங்க கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டேனுங்க. சின்ன வயசுல முட்டி வீங்குச்சு. பத்து வருசம் ஊசி போட்டாங்க. கல்யாணத்துக்காக நிறுத்திட்டோம். இவருக்குத் தெரியாதுங்க."

இவருக்குத் தெரியாதுங்க என்று இவரை வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் பிளாஸ்க்கைக் கையிலிருந்து இறக்கவே இல்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. குனிந்து என் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். சேற்றில் குத்திய மாதிரி பள்ளம் அப்படியே நின்றது. உடனே எக்கோ. ஐம்பத்தெட்டாக இருந்த பம்ப் நாற்பத்து நான்காக இறங்கியிருந்தது.

"மொதல்லயே சொல்லியிருந்தா, நெஞ்சுக்கு மாத்திரை போட்டுக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் எக்கோ பாத்து, வேணும்னா வேற மருந்தாவே குடுத்திருப்பேன்மா. இந்தச் சிவப்பு இனிமே வேண்டாம்."

"அப்ப கட்டி?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சிவப்பைத்தான் நிறுத்தறேன், வைத்தியத்தை இல்ல. வாரா வாரம் போடற மருந்து வேற இருக்கு. கட்டிய மட்டும் அழிச்சுட்டு நான் என்ன பண்ணட்டும்? நெஞ்சும் உங்களோட ஊருக்குத் திரும்பணுமில்ல."

அவ்வளவுதான் அக்கா. இதைக் கேட்கத்தான் இரண்டு மாதம் பயந்து கிடந்தேன். மூன்று நாள் படுக்க வைத்து நீர் இறக்கினார்கள். ஆறு கிலோ இறங்கியது. நெஞ்சுக்கு இரண்டு மாத்திரை, நீருக்கு ஒன்று. ஒரே தலையணையில் தூங்குகிறேன். உப்பு மட்டும் ஆகவே ஆகாதாம். தினமும் என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டார். கருவாடு என்றேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். யார் அனுப்பினார்கள் என்று சொல்லவில்லை, பயப்படாதே.

திரும்பி வரும் வழியில் கணவாயில் லாரி ஒன்று சாய்ந்து கிடந்தது. பஸ் ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. மூன்று நாளாக மருந்துச் சீட்டு, சாப்பாடு இதைத் தவிர என்னிடம் எதுவும் பேசாதவர், நின்ற பஸ்ஸில் வாயைத் திறந்தார்.

"போர்வெல் ஓடாத வருசம், கெணத்துல இருந்து குடம் குடமா தூக்கி நாத்துக்கு ஊத்துனியே. ஒருநாள் படியிலயே உக்காந்துட்ட. நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது அக்கா. நன்றாக இருக்கிறது. மறந்துவிட்டது என்று சொன்னேன்.

"சொகுசு பாக்காத, வெயில் ஏறுதுன்னு சொன்னேன்" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தர்மபுரிக்காரன் ஒருவன் கூட்டத்தில் டிரைவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நல்லவேளை, அந்தச் சத்தத்தில் இவர் மூக்கை உறிஞ்சியது யாருக்கும் கேட்கவில்லை.

இன்னொன்று. கிளம்பும்போது டாக்டரம்மாவிடம் கேட்டேன், "இது எம் பொண்ணுக்கும் வருமாங்க? மாசமா இருக்கா" என்று. "இது தாய்க்கிட்ட இருந்து பிள்ளைக்கு வர்றதில்லம்மா. தொண்டைப் புண்ணை அப்பவே சரியா பாக்காம விட்டதால வந்தது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாம் நான்கு வருடம் பேசாமல் இருந்தோம்.

கோவிந்து

*

ஒகேனக்கல்,
19-8-2024

கோவிந்துக்கு,

மிச்சம் இருக்கும் கருவாட்டைப் பூனைக்குப் போடு. நான் உன் காலை வீங்க வைத்தேன் என்று நினைக்கும்போது வாணலியில் கை வைக்கத் தோன்றவில்லை. கேட்காமல் அனுப்பியது என் தப்பு. நீ வேறு இன்னும் அனுப்பு என்றாய்.

அன்றைக்கு நின்றிருந்தால் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். சீட்டைக் கிழித்தது நான் என்று நீ அவரிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. சொல்லிவிடு.

உன் கல்யாணத்தில் மறைத்தேன், அது தப்பு. காவியா கல்யாணத்தில் சொல்லச் சொன்னேன், அதற்கும் அவசியம் இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. எதை எப்போது சொல்ல வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. அதனால் அதிகம் எழுதாமல் நிறுத்துகிறேன்.

மாத்திரையை விடாதே. நன்றாக இருக்கிறது என்று நீயாக நிறுத்திவிடாதே.

செல்லி

*

நல்லம்பள்ளி,
14-11-2024

அக்காவுக்கு,

மூன்று மாதம் எழுதவில்லை. வாராவாரம் போடுகிற மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. ரவிக்கை ஊக்கு போடவே காவியா அப்பாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தக்காளிக்கு மருந்தடிக்கிற மாதிரி அவ்வளவு கவனமாகப் போட்டுவிடுகிறார். இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணல் என்று சொல்லாதே, நேராக இருந்தபோதே உனக்குப் பிடிக்காது.

பன்னிரண்டு வாரமும் முடிந்தது. கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. போன வாரம் எக்கோ. ஐம்பத்து மூன்று. பழைய இடத்துக்கு வரவில்லை, ஆனால் அறுவைக்கு மயக்க மருந்து தாங்கும் என்று நெஞ்சு டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாத்திரையை விடவில்லை. வால்வை ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

சீட்டு சங்கதியை அவரிடம் சொன்னேன். நாலு நாள் அதையே மென்றுகொண்டிருந்தார். அப்புறம், "சீட்டு இருந்திருந்தா மட்டும், எங்கம்மா இருந்த வூட்ல உன்ன ஆசுபத்திரிக்கு அனுப்பியிருப்பாங்களா?" என்றார். அனுப்பியிருக்க மாட்டார்கள்தான். அவர் உன்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அவர் தன்னையே இன்னும் மன்னிக்கவில்லை, உன்னிடம் வர நேரம் ஆகும்.

காவியாவிடமும் சொன்னேன். அவள் மாமியார் பத்து நாள் பாத்திரத்தை உருட்டினாள். காவியாவுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாளைக் கையில் கொடுத்த பிறகு உருட்டல் நின்றது. என் பெண் அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். "நீயும் பெரியம்மாவும் சண்டை போட்டுக்கறதுக்கு எந்தலதான் கெடைச்சுதா? நாலு வருசமா எனக்குக் கொழந்த தங்காதப்பெல்லாம் அந்தச் சத்தியந்தான் ஞாபகம் வரும்மா" என்றாள். அது எனக்குத் தெரியாது அக்கா. அவள் தலையில் கை வைத்தபோது அவளும் அங்கேதான் இருந்தாள் என்பதையே நான் யோசித்ததில்லை.

களைப்பாக இருக்கிறது. முன்னெல்லாம் ஒரு வேடிக்கை சொன்னால் களைப்பு கொஞ்சம் இறங்கும். இப்போது அந்த வேடிக்கையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன்.

27-ஆம் தேதி அறுவை. முந்தின நாளே சேர வேண்டும். பெண்கள் வார்டில் ஆம்பிளையைத் தங்க விட மாட்டார்கள். காவியாவுக்கு இந்த வாரமோ அடுத்த வாரமோ பிரசவம், அவள் வர முடியாது. வெண்மதி அட்மிஷன் ஃபாரத்தை வைத்துக்கொண்டு, "கூட இருக்கிறவங்க பேரு, உறவு சொல்லுங்கம்மா. நெஞ்சுக் கோளாறு எப்ப இருந்து, என்னென்ன மருந்து சாப்புட்டீங்கன்னு தெரிஞ்சவங்களா இருந்தா நல்லது. மயக்கத்துல இருக்கையில டாக்டர் ஏதாச்சும் கேட்டா பதில் சொல்லணும்" என்றாள்.

காவியா அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "எழுதும்மா" என்று அவர்தான் சொன்னார், "செல்லி. அக்கா. ஒகேனக்கல்."

உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டோம். பேனாவில் எழுதியது, அழிக்க முடியாது என்று வெண்மதி சொல்லிவிட்டாள். 26-ஆம் தேதி காலை பத்து மணிக்கு மூன்றாவது மாடி. மாற்றுச் சேலை இரண்டு எடுத்துக்கொள். டாக்டர் என்ன கேட்டாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடு.

கோவிந்து